பின்தொடர்தல் குற்றத்தை "முதல் முறை" என்று கணக்கிடும் விதத்தை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்: தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வக்கீல் குமாஸ்தா (பெயர், முகவரி தனி உறையில்)

பெறுநர்: உயர்திரு அரசு செயலாளர் அவர்கள், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009

நாள்: 14.10.2024

பொருள்: பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 78-க்கு மாநிலத் திருத்தம் கொண்டுவரவும், அதுவரை காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் 26 ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். அடுத்தவர் வழக்குக்கு வாய்தா தேதி குறித்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. இந்த ஆண்டுதான் என் வீட்டு வழக்குக்கும் குறிக்க வேண்டி வந்திருக்கிறது.

என் மகளுக்கு 22 வயது. வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். பிப்ரவரி மாதத்திலிருந்து ஒருவன் பேருந்து நிலையத்தில் பைக்கோடு நிற்கிறான். பேருந்து கிளம்பினால் பின்னாலேயே வருகிறான். "எனக்கு விருப்பமில்லை, பின்னால் வராதீங்க" என்று அவள் மூன்று முறை நேரிலேயே சொல்லிவிட்டாள். எண்ணை முடக்கினால் வேறு எண்ணிலிருந்து அழைக்கிறான். எல்லாவற்றையும் முடக்கிய பிறகு, பணம் அனுப்பும் செயலியில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் "இன்னிக்கு ஏன் பச்சைச் சுடிதார்?" என்று எழுதினான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கையை வைக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை, ஒரு ரூபாய்தானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூன் மாதம் முதல் புகார் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டு, "இனிமேல் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, எங்கள் கையில் புகார் வந்ததற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். "படிக்கிற புள்ள, பேர் கெட்டுப் போகும்" என்ற அறிவுரை வேறு. பதினோராம் நாள் அதே பேருந்து நிலையத்து டீக்கடை வாசலில் அவன் நின்றான். ஆகஸ்டில் மறுபடி போனோம். 14 நாள் விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். என்றார்கள். என் வக்கீல் வந்து பேசிய பிறகே பிரிவு 78-இல் வழக்குப் பதிவானது. அன்று சாயங்காலமே நிலையத்திலேயே ஜாமீன். "பெயிலபிள் செக்‌ஷன்ணே, நாங்க என்ன பண்றது" என்றார் ஏட்டு. அவர் சொன்னது பொய்யில்லை. என் மனுவே அந்த வாக்கியத்தைப் பற்றியதுதான்.

2013 குற்றவியல் திருத்தச் சட்டத்தின் வழியாக, இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-டி என்ற பிரிவாக இக்குற்றம் முதன்முதலில் நுழைந்தது. 2024 ஜூலை 1 முதல் அதுவே நியாய சன்ஹிதாவின் பிரிவு 78. எண்தான் மாறியது. பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொடர்புகொள்வதும், கொள்ள முயல்வதும், அவளுடைய இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் முறை தண்டிக்கப்பட்டால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இது ஜாமீனில் விடத்தக்கது. இரண்டாம் முறை அல்லது அதற்கு மேல் தண்டிக்கப்பட்டால் 5 ஆண்டு வரை. இது ஜாமீனில் விடத்தகாதது.

முறை என்று சட்டம் எண்ணுவது தீர்ப்பை. அவன் நின்ற நாட்களை அல்ல, எங்கள் புகார்களையும் அல்ல. நான் பார்த்த வரையில் இப்படிப்பட்ட வழக்கு குற்றப்பத்திரிகை, சாட்சி, வாய்தா என்று முடிவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஊரே மாறிவிடுகிறாள். அதுவரை அவன் எத்தனை முறை பிடிபட்டாலும், யார் பின்னால் போனாலும், சட்டத்தின் கண்ணில் முதல் முறைக்காரன்தான். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன் அவனுடைய உரிமை. அதனால் "அந்தப் பெண் இருக்கும் பக்கம் போகாதே" என்று ஒரு நிபந்தனை கூட அங்கே போட முடிவதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான், ஐயா. அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

2013 மார்ச்சில் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியபோது, பொய்ப் புகார் பெருகும் என்ற அச்சத்தில் முதல் குற்றம் ஜாமீனில் விடத்தக்கது என்றானது. நம்மில் பெண்கள் பின்னால் போகாதவர் யார் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அவையிலேயே கேட்டார். அந்தக் கேள்வியின் நிழல் பிரிவில் இன்னும் இருக்கிறது.

1990-இல் அமெரிக்காவிலேயே முதலாவதாக இதற்குச் சட்டம் போட்ட கலிஃபோர்னியாவில், விலகியிரு என்ற நீதிமன்ற உத்தரவு இருக்கும்போதே ஒருவன் பின்தொடர்ந்தால், அதுவே அவன் முதல் வழக்கானாலும் தண்டனை 2, 3 அல்லது 4 ஆண்டு என்று உயர்கிறது. உத்தரவை மீறினானா என்பதே அங்கே கணக்கு. குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நம் சட்டமன்றமும் பிரிவு 78-ஐத் திருத்த முடியும். ஒரு முறை எஃப்.ஐ.ஆர். பதிவானவன் அதே பெண்ணை மறுபடி பின்தொடர்ந்தால் தீர்ப்புக்குக் காத்திராமல் அது ஜாமீனில் விடத்தகாத குற்றமாக வேண்டும். புகார் வந்த சில நாட்களுக்குள் நடுவர் விலகியிருக்கும் உத்தரவு போட வழி வேண்டும். இதுவே என் முதன்மைக் கோரிக்கை.

நம் மாநிலத்துக்கென 1998-இல் வந்த பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டம் இருக்கிறதே என்று தாங்கள் கேட்கலாம். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு வந்த சட்டம் அது. அச்சம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் அநாகரிகச் செயலைத்தான் அது துன்புறுத்தல் என்கிறது. வாய் திறக்காமல் தினமும் பின்னால் வருவது அநாகரிகமா என்று கேட்டால் நிலையத்துக்கு நிலையம் பதில் வேறு. ஒரு நிலையத்தில் அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் சேர்க்கிறார்கள், பக்கத்து நிலையத்தில் சேர்ப்பதில்லை. எழுதுகிறவர் மனசுதான் சட்டமாக இருக்கிறது.

திருத்தம் வர நாளாகும் என்று தெரியும். அதற்கு முன் தங்கள் கையெழுத்து ஒன்றிலேயே ஆகக்கூடியவை சில உண்டு. பிரிவு 78 சமரசத்துக்குரிய குற்றமல்ல. ஆகவே எழுதி வாங்கி அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். இந்தப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம்) பிரிவு 173 சொல்கிறது. என் மகளிடம் கேட்டு எழுதியவர் ஆண். அதே பிரிவின் 14 நாள் முதற்கட்ட விசாரணை டி.எஸ்.பி.யின் அனுமதியோடு மட்டுமே நடக்கலாம், வாய்மொழியாக அல்ல. சில குற்றங்களில் புகாரைப் பதியாத அலுவலரைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதா பிரிவு 199-இன் பட்டியலில் 78 இல்லை என்பதால், துறைரீதியான நடவடிக்கை உண்டு என்று சுற்றறிக்கையிலாவது எழுத வேண்டும்.

இன்னொன்று, குமாஸ்தா மூளைக்கு எட்டியது. கோயில் திருவிழாத் தகராறுக்கெல்லாம் போலீஸ் "நூற்றேழு" போடும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அது; இன்றைக்குப் புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 126. கோட்டாட்சியர் முன் ஓராண்டு வரை அமைதி காக்கப் பிணைமுறி வாங்கலாம். அதைப் பின்தொடர்பவன் மீதும் போடலாமே. மீறினால் அப்போதே கேள்வி கேட்க ஒரு காகிதமாவது இருக்கும்.

பேருந்து நிலையங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்துங்கள் என்று 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கே நம் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த சம்பவத்திலிருந்து எழுந்தது. எங்கள் பேருந்து நிலையத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. சாதாரண உடை என்பதால் தெரியாமல் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்; அவனும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். நகல், ஒரு ரூபாய்ப் பரிவர்த்தனைகள் 17-இன் பதிவு ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதில் அனுப்பும்போது உறையின் மேல் மகள் பெயரை எழுத வேண்டாம். என் பெயருக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர் (மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் இன்று நேரில் கொடுக்கப்பட்டது)