அப்பாவின் புத்தகங்களுக்கு ஒரு அறை

அன்புள்ள அம்முவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே? அங்கே குளிர் விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அப்பா பெயரில் காலேஜ் லைப்ரரியில் அறை கட்டுவது பற்றி ஆசை ஆசையாகச் சொன்னாய். நான் “யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உனக்கு மனசு சங்கடப்பட்டிருக்கும். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான் வைத்தேன். அதோடு, நான் 28 வருஷம் வேலை பார்த்த லைப்ரரி அது. அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. போனில் அதைக் கோர்வையாகச் சொல்ல வராது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வந்திருந்தபோது ஹார்வர்டில் வைடனர் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? முட்டி வலியோடு அப்பா அத்தனை படியும் ஏறினார். உள்ளே இருந்த நினைவு அறையில் கணப்புக்கு மேலே ஒரு பையனின் ஓவியம், மேஜையில் பூ. ஹாரி எல்கின்ஸ் வைடனர். 1907-ல் ஹார்வர்டில் படித்து முடித்த பிள்ளை. 1912 ஏப்ரலில் லண்டனில் புத்தகம் வாங்கிக்கொண்டு டைட்டானிக்கில் ஊருக்குத் திரும்பும்போது தன் அப்பாவோடு சேர்ந்து கடலில் போய்விட்டான். வயசு 27. அம்மா எலினார் படகில் ஏறித் தப்பித்தாள். நீ இதைச் சொல்லச் சொல்ல நான் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தத் தாய் கரையில் வந்து இறங்கியபோது எப்படி நின்றிருப்பாள் என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்த பிறகு அவளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஹாரி உயில் எழுதி வைத்திருந்தான். புத்தகங்கள் எல்லாம் அம்மாவுக்கு. அவற்றைப் பத்திரமாக வைக்க ஹார்வர்டில் தக்க இடம் ஏற்பட்டதும் அங்கே கொடுத்துவிட வேண்டும். அந்தச் சமயம் அங்கே இருந்தது கோர் ஹால் என்ற பழைய லைப்ரரி. இடம் போதாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மகனின் புத்தகத்துக்கு ஒரு பக்கக் கட்டடம் மட்டும் கட்டிக் கொடுக்கத்தான் எலினார் முதலில் நினைத்தாளாம். அப்புறம் முழு நூலகத்தையே கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கோர் ஹாலை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டி, 1915 ஜூன் 24-ஆம் தேதி பட்டமளிப்பு நாளில் திறந்தார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான், அம்மு. ஹாரியின் சொந்தப் புத்தகங்கள் சுமார் 3,300. அவற்றைச் சுற்றி அவள் கட்டியது 30 லட்சம் புத்தகம் கொள்ளும் இடம். அலமாரிகளை வரிசையாக வைத்தால் 50 மைலுக்கும் மேலே போகும் என்கிறார்கள். நம் பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிற தூரம். வேறு வேலையாக வந்து, வேறு புத்தகம் தேடிப் போகிற ஒரு மாணவன், நடுவில் தன் மகனைப் பார்த்துவிட்டுப் போவான் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அறையை மட்டும் கட்டிப் பூட்டியிருந்தால் இன்றைக்கு அந்தப் பக்கம் யார் போயிருப்பார்கள்?

பூட்டிய புத்தகத்தின் கதி எனக்குத் தெரியும். உன்னிடம் இதை நான் சொன்னதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு காலேஜில், காலமான ஒரு பேராசிரியரின் புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு பீரோவில் இருந்தன. மேலே அவர் படம், பித்தளைத் தகட்டில் பெயர். யாருக்கும் இரவல் தரக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாவி துறைத்தலைவரிடம். அவர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் வந்தார், சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதுகெல்லாம் தங்க எழுத்தில் வரிசையாக, அழகாகத் தெரியும். ஸ்டாக் சரிபார்க்கும்போது பூட்டை உடைத்தோம். முதல் புத்தகத்தை இழுத்தேன், அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே தாள் இல்லை, செம்மண். பின்பக்கப் பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த கரையான் ஒவ்வொரு புத்தகத்தையும் உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. பெருக்கி அள்ளினபோது மூன்று கூடை வந்தது. ஓரத்தில் பென்சிலில் அவர் எழுதியிருந்த குறிப்புகள் துண்டு துண்டாகக் கிடந்தன. வாரம் ஒருமுறை ஒரு பிள்ளை ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தால், முதல் மண் தடம் தெரிந்த அன்றைக்கே பார்த்திருப்போம்.

அதனால்தான் பிரின்சிபாலுக்கான கடிதத்தில் நீ எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. “புத்தகங்கள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, அறையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, எந்த மாற்றமும் செய்யக் கூடாது.” பாசத்தில் எழுதியதுதான், எனக்குப் புரிகிறது. எலினாரும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது என்று எழுதி வாங்கினாள். பின்னால் 1942-ல் பக்கத்தில் அரிய நூல்களுக்காக ஹௌட்டன் நூலகம் வந்தபோது, இரண்டையும் இணைக்கும் பாலத்தை ஒரு ஜன்னல் வழியாக விட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் அப்படி ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவார்கள். நம்ம காலேஜில் நிபந்தனை இடித்தது என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

அவளிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பூவை. நாம் பார்த்தோமே, வாரா வாரம் மாற்றுகிறார்கள். முதலில் ரோஜா வைத்தார்களாம், இப்போது கார்னேஷன். எலினார் 1937-லேயே போய்விட்டாள். இன்றைக்கும் அந்த அறையின் பராமரிப்பை, பூ உட்பட, குடும்பத்தார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மட்டும் செலவழித்து, மறுநாளைக்கு யார் பெருக்குவது என்று யோசிக்காத எத்தனையோ நன்கொடைகளை நான் பார்த்துவிட்டேன்.

நீ 10 லட்சம் ஒதுக்கியிருக்கிறாய். அத்தனையும் மார்பிளுக்கும் ஏசிக்கும் வேண்டாம். 4 லட்சத்தில் மேல்மாடியில் சும்மா கிடக்கும் வடக்குப் பக்க அறையைச் சரி செய்யலாம். நல்ல மேஜை, நாற்காலி, ஃபேன், விளக்கு. ஹாஸ்டல் பிள்ளைகள் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து படிக்கட்டும். மீதி 6 லட்சத்தை காலேஜ் பெயரில் டெபாசிட் போட்டால் வருஷத்துக்கு 40,000 போல வட்டி வரும். அதில் புதுப் புத்தகம் வாங்கலாம், கிழிந்ததைப் பைண்டிங் செய்யலாம், கரையான் மருந்து அடிக்கலாம். வட்டியைத் தவிர அசலைத் தொடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் எழுது, கெட்டியாக எழுது.

அப்பாவின் 1,400 புத்தகங்களும் மற்றப் புத்தகங்களோடு கலந்து, எண் வரிசையில் அடுக்கில் போகட்டும். ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அவர் பெயர் போட்ட சீட்டை நானே ஒட்டுகிறேன். பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். சிலது தொலையும். தொலைந்தால் தொலையட்டும், அம்மு. அவர் தாத்தா காலத்துப் பதிப்புகள் நாற்பது இருக்கின்றன, தொட்டாலே பொடியும். அவை மட்டும் கண்ணாடி அலமாரிக்குப் போகலாம். அவற்றையும் முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

அன்றைக்கு அந்த நினைவு அறையில் அப்பா ரொம்ப நேரம் நிற்கவில்லை, கவனித்தாயா? “இங்கே தமிழ்ப் புத்தகம் எங்கே இருக்கு?” என்று உன்னிடம் கேட்டார். நீ உள்ளே போய் ஒன்றைத் தேடி எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாய். அவர் தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதிச் சீட்டில் யாராவது எடுத்திருக்கிறார்களா என்று பார்த்தார். நான்கு தேதி இருந்தது. “நாலு பேரு படிச்சிருக்காங்க” என்று என்னிடம் காட்டினபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகம் முழுக்க நம்மவர்கள் 60 லட்சம் டாலர் சேர்த்தார்களே, அதற்கு நீ முதல் சம்பளத்தில் அனுப்பியதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

ஒன்று விட்டுப்போச்சு. அறையில் அப்பா படத்துக்கு முன்னால் தினமும் பூ ஜாடி வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஜாடி வேண்டாம். புத்தகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்க எனக்குக் கை வராது. மார்க்கெட்டில் பிச்சிப்பூ வாங்கிக் கட்டி, வெள்ளிக்கிழமை தோறும் நானே படத்துக்குப் போட்டுவிட்டு வருகிறேன். மாடிப்படி எனக்கு இன்னும் ஏற முடிகிறது.

கடிதத்தை மாற்றி எழுதி அனுப்பு. பிரின்சிபாலிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா