பிரெட்போர்டின் பெயர்க்கதை: தமிழ்வழிப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கேரளத் தமிழ்வழிப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழி மாணவர்களுக்கு மின்னணுவியல் சொல்லித்தருபவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். மின்சுற்றுகளை அமைத்துச் சோதிக்க உதவும், துளைகள் நிறைந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைப் பிள்ளைகள் ‘பிரெட்போர்டு’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரைத் தமிழாக்கித் தரவேண்டாம். அது வந்த வழியையும் அதன் விரிந்த பொருளையும் பாடத்தில் சேர்த்தாலே போதும்.

ஆங்கிலத்தில் அது ரொட்டியை வைத்து அறுக்கும் மரப்பலகைக்கான பெயர். நம் வீடுகளில் சப்பாத்தி தேய்க்கும் பலகை உண்டே தவிர இது இல்லை என்பதால், பிள்ளைகளுக்குப் பெயர் விளங்காததில் வியப்பில்லை. வானொலி புதிதாயிருந்த 1920களில், அதைத் தாமே செய்து பார்த்த ஆர்வலர்கள், வால்வு எனும் வெற்றிடக் குழாய், கம்பிச்சுருள், மின்தேக்கி முதலியவற்றை இத்தகைய பலகையில் திருகாணியால் இறுக்கிக் கம்பியால் இணைத்தார்கள். அமெரிக்காவின் அட்வாட்டர் கென்ட் நிறுவனமோ, வெளிப்பெட்டியே இல்லாமல் பலகைமேல் பொருத்திய வானொலிகளை விற்பனைக்கே கொண்டுவந்தது. பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் அவற்றை இப்பெயரால்தான் குறிப்பிடுகின்றனர். பற்றவைக்காமல் செருகும் பிளாஸ்டிக் பலகை 1970களில் பரவியபோது, மரப்பலகையின் பெயரே அதற்கும் வாய்த்தது.

பொறியாளர்களிடையே இச்சொல் முதல் மாதிரியையும் குறிக்கிறது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. ஒரு தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு எவ்வளவு ஆயத்தமாகியுள்ளது என்பதை அளக்கும் நாசாவின் ஒன்பது படிகள் கொண்ட தொழில்நுட்ப ஆயத்த அளவுகோலில், நான்காம் படி ஆய்வகத்தில் நடக்கும் பிரெட்போர்டுச் சோதனை. அங்கே பலகை எதுவும் இருக்கவேண்டியதில்லை. வடிவத்தையும் அளவையும் பொருட்படுத்தாமல், செயல் நடக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மாதிரி என்பதே பொருள். இறுதிப் பொருளுக்கு மேலும் நெருங்கிய மாதிரியைப் ‘பிராஸ்போர்டு’, அதாவது பித்தளைப் பலகை, என்கிறார்கள். இந்த வேறுபாடு தெரியாததால்தான், பலகையில் விளக்கு எரிந்ததும் கருவியே முடிந்துவிட்டதாக மாணவர்கள் கருதிவிடுகிறார்கள். ஆனால் பலகையில் செருகிய இணைப்பு தளரும். உயர் அதிர்வெண்ணில், அருகருகே உள்ள உலோகப் பட்டைகளுக்கிடையே தோன்றும் மின்தேக்கமும் சுற்றைக் கெடுக்கும்.

எனவே அடுத்த பதிப்பில் இச்செய்திகளை ஒரு பத்தியாகவும், பழைய மரப்பலகை வானொலியை ஒரு படமாகவும், ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து துளைகளை அடியில் இணைக்கும் உலோகப் பட்டையை இன்னொரு படமாகவும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லைப்புறத் தமிழாசிரியர்களுள் ஒருவன்