தலைக்கு ஊற்றியதால் வந்த சளி இல்லை

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் காற்று நன்றாக வருகிறது, கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் பாதிக் கடிதம் குட்டியின் சளியைப் பற்றியே இருந்ததால் முதலில் அதற்கு வருகிறேன். எல்.கே.ஜி. சேர்ந்ததிலிருந்து மூக்கு ஒழுகாத மாதமே இல்லை, தலைக்கு ஊற்றியதால்தான் என்று உன் அத்தை சொல்கிறார், நீயும் உன்னையே நொந்துகொள்கிறாய். வேண்டாம்டி.

சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் 6, 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். சளி உண்டாக்கும் கிருமிகளில் ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றை உடம்பு சமாளித்து முடித்தாலும் அடுத்து வருவது வேறு வகை. இத்தனை காலமாகியும் இதற்குத் தடுப்பூசி வராததற்கு அதுதான் முக்கியக் காரணம்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி பக்கம் 1946-இல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, 40 வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். விருப்பப்பட்டு வருகிறவர்களை 10 நாள் தங்கவைத்து, சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் கொடுத்து, மூக்கில் சொட்டு விடுவார்கள். சிலருக்கு அதில் கிருமி இருக்கும், சிலருக்கு வெறும் உப்புநீர், யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. அதை நடத்திய கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் உன் அத்தையின் சந்தேகத்தையே சோதித்துப் பார்த்தார். சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் நடையில் நிற்கவைத்து, அப்புறம் ஈரக் காலுறையோடு நடமாடவிட்டார். கிருமி விடாமல் வெறுமனே குளிரில் நடுங்கியவர்களில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை!

அத்தை பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் கார்டிஃப் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வில், 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்திருந்தவர்களில், அப்படி வைக்காதவர்களைவிட அதிகம் பேர் அடுத்த சில நாளில் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். ஏற்கெனவே மூக்கில் கிருமி இருந்தவர்களுக்குக் குளிர் அதைக் கிளப்பிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வு செய்தவர்களின் விளக்கம். எப்படியானாலும் கிருமி வேறொரு ஆளிடமிருந்துதான் வர வேண்டும், அது உள்ளே போய் 1 முதல் 3 நாளில்தான் தும்மல் தொடங்கும். ஞாயிறு தலைக்கு ஊற்றி திங்கள் மூக்கு ஒழுகினால், அது பெரும்பாலும் வெள்ளியே வகுப்பில் வாங்கி வந்ததுதான்.

எப்படித் தொற்றுகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்தது. சளி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து 12 மணி நேரம் சீட்டாடவிட்டார்கள். நல்லபடி இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கை முகத்துக்குப் போகாதபடி தடுப்பு மாட்டினார்கள், அப்படியும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சளி பிடித்தது. சளி ஒட்டிப் பிசுபிசுத்த அதே சீட்டுகளை வேறு அறையில் சிலரிடம் கொடுத்து, மூக்கையும் கண்ணையும் தொடச் சொன்னார்கள், ஒருவருக்கும் வரவில்லை. அங்கே கிருமி காற்றில்தான் போயிருக்கிறது. அதற்காகக் கை கழுவுவதை விட்டுவிடாதே, கையிலிருந்து மூக்குக்கும் கண்ணுக்கும் போகும் என்று வர்ஜீனியாவில் வேறு சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வகுப்பு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டீச்சரிடம் நீ கட்டாயம் சொல்ல வேண்டும். தும்மும்போது முழங்கை மடிப்பில் தும்மக் குட்டிக்கும் பழக்கு.

இன்னொன்று, இதில் எனக்கு உண்மையிலேயே கோபம். சளி பச்சையாகிவிட்டது என்று மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாய். பச்சை நிறம் நம் வெள்ளையணுக்களால் வருவது, அதை மட்டும் வைத்து மருந்து கொடுக்கக் கூடாது, வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. அத்தை வைக்கும் தூதுவளை ரசத்தைக் கொடு, தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே போய்விடும்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, காதுவலி என்று அழுதாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
மல்லிகா