கம்பி போகாத இடத்துக்கும் சோலார் உதவி வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோலார் பத்தி இப்ப பத்திரிகையில அடிக்கடி வருது, வீட்டு கூரையில பேனல் போட்டா பில்லு எவ்ளோ கொறையும், மிஞ்சுன கரண்ட மின்சார கம்பெனி தெனாகாவுக்கு குடுத்தா எவ்ளோ கழிப்பாங்க, எல்லாம் நல்ல விஷயந்தான், விடாம படிக்கிறேன். ஆனா அந்த செய்தி எதுலயும் எங்கள மாதிரி ஆளுங்க வர்றதே இல்ல, அதான் எழுதுறேன். கெடா மாநிலத்துல பாலிங் பக்கம் மலையடிவாரத்துல எங்க குடும்பம் ஒரு சின்ன ரிசார்ட் நடத்துறோம். ஆறு மரவீடு, ஒரு சமையக்கட்டு, பழத்தோட்டம், பக்கத்துலயே ஓடை. அண்ணனும் அண்ணியும் அங்கயே தங்கி பாத்துக்கிறாங்க, நான் பட்டர்வொர்த்ல இருந்துக்கிட்டு புக்கிங், சாமான் வாங்கி அனுப்புறது, கணக்கு வழக்கு எல்லாம் பாக்குறேன். வர்றவங்கள்ல பாதிக்கு மேல பினாங்கு ஆளுங்கதான். மின்சார கம்பி கீழ கடைசி வீட்டோட நின்னு போச்சு, அதுக்கு மேல வர ஃபோர்வீல் வண்டி வேணும், கம்பி இழுக்கிற செலவு எங்களால தாங்க முடியாது.

மொதல்ல டீசல் ஜெனரேட்டர்தான் ஓட்டுனோம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவுல டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசுல இருந்து ஒரேடியா 3 வெள்ளி 35 காசுக்கு ஏறுச்சே, அன்னைக்கு ராத்திரி அண்ணன் போன்ல ரொம்ப நேரம் பேசவே இல்ல. சின்ன ஜெனரேட்டர் நல்லா ஓடினா லிட்டருக்கு 3 யூனிட் குடுக்கும், நடுராத்திரி நாலு காத்தாடியும் ஒரு ஃப்ரிட்ஜும் மட்டும் ஓடுறப்ப அதுகூட வராது, ஏன்னா லோடு கம்மின்னாலும் இஞ்சின் சுத்தித்தானே ஆகணும், அப்படி கம்மி லோடுலயே ஓட்டிக்கிட்டிருந்தா எரியாத டீசல் உள்ள கரியா பிடிச்சு இஞ்சினும் கெட்டுப்போகும். அப்ப டீசல் காசு மட்டுமே யூனிட்டுக்கு 1 வெள்ளி 10 காசுக்கு மேல போச்சு. டவுன்ல வீட்டு கரண்டுக்கு முதல் 200 யூனிட் வரைக்கும் அப்ப யூனிட்டுக்கு 21.8 காசுதான் இருந்துச்சு. அஞ்சு மடங்கு குடுத்து புகையும் சத்தமும் வேற, இருவாட்சி பறவைய பாக்கணும்னு அவ்ளோ தூரம் வர்றவங்க காதுல இஞ்சின் சத்தம் விழுந்தா யாருக்கு மனசு வரும் மறுபடி வர?

இப்ப கரண்டு ரெண்டு வழியா வருது. கூரையில 8 கிலோவாட் பேனல், ஓடையில 500 வாட் டர்பைன். 500 வாட்டுன்னு சொன்னா, அது ஒரு அயர்ன் பாக்ஸுக்கே பத்தாதேன்னு கேக்குறாங்க. ஆனா அது ராத்திரி பகல் நிக்காம சுத்துது, 24 மணி நேரத்துக்கு 12 யூனிட் ஆச்சு, அதே 12 யூனிட்ட வெயில்ல இருந்து எடுக்கணும்னா நம்ம நாட்டு மேகத்துக்கு 3 கிலோவாட் பேனலாச்சும் வேணும். விநாடிக்கு 4 லிட்டர் தண்ணி, 25 மீட்டர் உயரத்துல இருந்து கறுப்பு பைப்புல இறங்குது, அவ்ளோதான், அணைகிணை ஒண்ணும் கட்டல, டர்பைன சுத்தி முடிச்ச தண்ணி அப்படியே ஓடைக்கு போயிடுது. ஜனவரி, பிப்ரவரி எங்க பக்கம் வறண்ட காலம், தண்ணிமலை தைப்பூசம் முடிஞ்சு பினாங்கு கூட்டம் வர்ற நேரமும் அதுதான், ஓடை மெலிஞ்சு டர்பைன் பாதிதான் குடுக்கும், ஆனா அப்ப வெயிலு கொளுத்தும், பேனல் தாராளமா குடுக்கும். செப்டம்பர், அக்டோபர்ல மழை கொட்டும்போது பேனல் படுத்துக்கும், ஓடை தூக்கிக்கும். ஒண்ணு விட்டா ஒண்ணு. இத நாங்க கண்டுபிடிக்கல, அந்த எடமே அப்படி.

வேலை இல்லாம இல்ல. பெரிய மழை பெஞ்சா மேல தண்ணி எடுக்கிற எடத்துல இருக்கிற வலைய இலையும் சுள்ளியும் வந்து அடைச்சுக்கும், அண்ணன் தலையில டார்ச் கட்டிக்கிட்டு ஏறிப்போய் கையால வழிச்சு விடணும், அட்டை வேற ஏறும். டர்பைன் சத்தம் மெலியுறத வெச்சே அண்ணி படுக்கையில இருந்தபடியே சொல்லிடுவாங்க, வலை அடைச்சிடுச்சுன்னு. இன்னொன்னு, மேல காடு இருந்தாத்தான் எங்களுக்கு கரண்டு. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங், குப்பாங் பக்கம் மலையில இருந்து வெள்ளம் மரக்கட்டையோட இறங்கி 3 பேர் உயிர் போனது உங்க வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும், குனோங் இனாஸ்ல காட்ட வெட்டுனத பத்தி அப்ப நாடே பேசிச்சு. ஓடைய நம்பி இருக்கிறவங்களுக்கு அது வெறும் செய்தி இல்ல, காடு போச்சுன்னா மழைக்கு சேறும் வெயிலுக்கு வெறுங்கல்லுந்தான் மிஞ்சும்.

சரி, சொல்ல வந்தது பேட்டரி பத்தி. பேனல் விலை இப்ப எவ்ளோ எறங்கிடுச்சு, பேட்டரிதான் ஆளைப் போட்டு அழுத்துது. டவுன் வீட்டுக்கு பேட்டரியே தேவையில்ல, பகல்ல மிஞ்சுறத லைனுக்கு தள்ளிட்டு ராத்திரி லைன்ல இருந்து எடுத்துக்கலாம். எங்களுக்கு தள்ள லைன் இல்ல, பேட்டரிதான் எங்களுக்கு தெனாகா. லெட் ஆசிட் பேட்டரி விலை கம்மி, ஆனா பாதிக்கு மேல இறக்கக் கூடாது, 25 டிகிரிக்கு மேல ஒரு 10 டிகிரி சூடு கூடினாலே ஆயுசு பாதியா போயிடும், நம்ம ஊர்ல தகரக் கொட்டாயில வெச்சா எவ்ளோ நாள் தாங்கும்? லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா 80, 90 விழுக்காடு வரைக்கும் இறக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கலாம், ஆனா மொதல்ல எண்ணி வைக்கிற காசு பெருசு. நாங்க 20 யூனிட் தாங்குற லித்தியம் போட்டிருக்கோம், அம்மாவோட நகையும் அதுல இருக்கு. அதுக்குன்னு செங்கல்லுல தனி அறை, மர நிழல்ல, பல்லியும் எறும்பும் இன்வர்ட்டருக்குள்ள போயிடாம இருக்க ஓட்டைக்கெல்லாம் கம்பிவலை.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன். 2016-ல மிஞ்சுன சோலார் கரண்ட லைனுக்கு குடுத்து பில்லுல கழிச்சுக்கிற நெம் திட்டம் வந்துச்சு, 2021-ல நெம் 3.0, அது 2025 ஜூனோட முடிஞ்சு இப்ப அதுக்கு பதிலா சோலார் அத்தாப் திட்டம். 2024-ல சோலாரிஸ்னு கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, கூடிப்போனா 4,000 வெள்ளி வரைக்கும் வீடுகளுக்கு குடுத்தாங்க. எல்லாம் நல்ல திட்டந்தான், ஆனா எல்லாமே ஏற்கனவே லைன் இருக்கிறவங்களுக்கு. லைன் இல்லாம டீசல் எரிக்கிறவங்கதான் சோலாருக்கு மாறினா நாட்டுக்கு உடனே லாபம், ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் 2.7 கிலோ கரியமில வாயு மிச்சம், அவங்களுக்குத்தான் இதுல எடமே இல்ல. சரவாக்ல சாரெஸ்னு ஒரு திட்டம் இருக்கு, கம்பி போகாத கிராமங்களுக்கு சோலாரும் பேட்டரியும் போட்டு குடுத்து, பராமரிக்க அந்த ஊரு ஆளுங்களையே பழக்குறாங்க. அது வீடுங்களுக்கு, எங்களோடது வியாபாரம், அந்த வித்தியாசம் புரியுது, நாங்க இலவசமா கேக்கல. பேட்டரி விலையில ஒரு பங்கு தள்ளுபடி, இல்லாட்டி பேட்டரி ஆயுசுக்கு தகுந்த மாதிரி நீண்ட தவணையில கம்மி வட்டிக்கு கடன், இதுல ஒண்ணு கெடைச்சாலும் எத்தனையோ சின்ன குடும்பங்க டீசல விட்டுடும்.

அடுத்தது ஆளு. போன மழைக்காலத்துல இடி இறங்கி இன்வர்ட்டர் போயிடுச்சு. வித்த கம்பெனிக்கு போன் பண்ணா, அவ்ளோ உள்ளயெல்லாம் ஆள் அனுப்ப முடியாது, கழட்டி கொண்டாந்து குடுங்கன்னுட்டாங்க. அண்ணன் கழட்டி மோட்டார் சைக்கிள்ல கட்டி கீழ இறக்கி, அங்கேர்ந்து பிறை டவுனுக்கு நான் கொண்டு போய், அது சரியாகி வர்ற வரைக்கும் பழைய ஜெனரேட்டரத்தான் ஓட்டுனோம், தங்க வந்தவங்க முகத்த பாக்க முடியல அண்ணியால. நம்ம பசங்க எத்தனை பேர் வயர்மேன் படிச்சுட்டு பிறையில ஷிப்ட் வேலை பாக்குறாங்க, அவங்களுக்கு பேட்டரி, இன்வர்ட்டர், இடிதாங்கி, சின்ன டர்பைன் வேலையும் சேத்து கத்துக்குடுத்தா ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ரெண்டு பேராச்சும் தேறுவாங்க. தொழில்திறன் கல்லூரிங்க இத கொஞ்சம் யோசிக்கணும்.

தங்க வர்ற வாசகர்கள் கிட்டயும் ஒண்ணு சொல்லிக்கிறேன். புக்கிங்ல மொத கேள்வியே ஏர்கோன் இருக்கான்னுதான். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ராத்திரி பூரா ஓடினா 5, 6 யூனிட், ஆறு வீட்லயும் போட்டா பேட்டரி விடியுறதுக்குள்ள காலி. காத்தாடிக்கு 30 வாட்டு போதும், விடிகாலையில போர்வை கேக்குறவங்கதான் அதிகம். சுடுதண்ணி கூரையில வெயில்ல காயுற தொட்டியில இருந்து வருது, மழை நாள்ல வெதுவெதுப்பாத்தான் இருக்கும். ஸ்டார்லிங்க் 2023-ல நம்ம நாட்டுக்கு வந்ததுனால வைஃபையும் உண்டு, ஆனா அது நாள் முழுக்க ஓடினா ஒன்றரை யூனிட் கிட்ட இழுக்குது, எங்க அத்தனை வீட்டு லைட்டும் சேந்தாலும் அவ்ளோ வராது, அதனால ராத்திரி 11 மணிக்கு அடைச்சிடுறோம். கோவிச்சுக்காதீங்க. ஹேர் டிரையர மட்டும் தயவு செஞ்சு வீட்லயே வெச்சுட்டு வாங்க.

ஆசிரியர் அவர்களே, பெர்ஹெந்தியான், லங்காவி, பாலிக் புலாவ், கேமரன்மலைன்னு லைன் இல்லாத எடத்துல சொந்தமா கரண்டு செஞ்சு தொழில் பண்றவங்க இந்த பத்திரிகைய படிச்சா, பேட்டரிக்கு எவ்ளோ செலவாச்சு, டீசல் எவ்ளோ கொறைஞ்சுதுன்னு உங்களுக்கு எழுதி அனுப்பட்டும். எங்க கணக்க ரசீதோட தர நான் தயார். எல்லாத்தையும் சேர்த்து எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சுக்கு உங்க பத்திரிகை மூலமா அனுப்புனா, அடுத்த திட்டம் போடும்போதாவது எங்களையும் கணக்குல எடுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு