படுத்தே இருக்கும் வசந்திக்கு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, மாலதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதுகு வலி என்று இடுப்பில் பெல்ட், மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை, தலைமாட்டில் ஸ்கேன் உறை, வாயில் எந்நேரமும் "என் காலம் முடிந்தது" என்ற பாட்டு. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, "அவளுக்குத் தெரிந்தால் எழுப்பி நடக்க வைத்துவிடுவாள்" என்றாயாமே? சரியாகத்தான் கணித்திருக்கிறாய். போனில் என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால்தான் கடிதம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்து அடுத்ததைப் படி.

இங்கத்துச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில் நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்புகளையெல்லாம் கழற்றி மாற்றுகிறார். சின்னவளுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. குடை இன்னும் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஸ்கேன் அறிக்கையை மாலதி எனக்கு அனுப்பினாள். அவளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன். எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம், தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. அதாவது, இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் திண்டு. இதை வைத்துக்கொண்டா பேரனைத் தூக்க மாட்டேன், பயணத்தை ரத்து செய்கிறேன் என்றெல்லாம் முடிவெடுத்தாய்? 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் பிடித்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015-இல் இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐம்பது வயதில், ஒரு வலியும் இல்லாதவர்களிலேயே 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். உன் தலைமுடியைப் படமெடுத்து "கடுமையான நரை" என்று அறிக்கை கொடுத்தால் அதற்காகப் படுத்துக்கொள்வாயா? சாயம் பூசுகிறவளுக்கு இது புரிய வேண்டும்.

உனக்கு வலியே இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் போன வருடம் பிடித்தது, பாத்ரூம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். வலி நிஜம்தான். ஆனால் அந்தப் படத்தில் இருப்பதுதான் அந்த வலி என்று அடித்துச் சொல்ல முடியாது. அப்படியே டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்டுக் காலுக்கு வலி இறங்கினாலும், பலருக்கு அந்தப் பிதுங்கல் சில மாதங்களில் தானாகவே சுருங்கிப் போகிறது. பெரிதாக வெளியே வந்ததை உடம்பு இன்னும் நன்றாகக் கரைத்துவிடுமாம். இதை என் பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. அவளுக்கு நம் சின்னவள் வயதுதான் இருக்கும், ஆனால் என்ன அதட்டல்! "அம்மா, முதுகு கண்ணாடியால் செய்ததில்லை" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து நான் அவளுடைய கட்சி.

படுத்துக் கிடப்பதைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். 1995-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீரென முதுகு பிடித்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவிடம் வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது குழுதான். படுத்தவர்கள்தான் எல்லோரையும்விட மெதுவாகத் தேறினார்கள், அதுவும் வெறும் இரண்டு நாளுக்கு! நீ எத்தனை நாளாகப் படுத்திருக்கிறாய் என்று மாலதி சொன்ன கணக்கை இங்கே எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும்.

பலகையை எடுத்துவிடு. 2003-இல் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரைக் கெட்டி மெத்தையிலும் நடுத்தரக் கெட்டி மெத்தையிலும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. பெல்ட்டும் அப்படித்தான். முதுகு வலியை வரவிடாமல் பெல்ட் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாள்பட்ட வலிக்குப் பெல்ட் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் சொன்னது. அதைக் கழற்றினால் உன் இடுப்பு தனியாகக் கழன்று விழாது, நான் பொறுப்பு.

இப்போது விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன், நிதானமாகப் படி. தொடைகளுக்கு நடுவில், உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கிறதா? சிறுநீர் வராமல் அடைக்கிறதா, அல்லது உனக்குத் தெரியாமலே கசிகிறதா, மலம் அடக்க முடியவில்லையா? கால் வலுவிழந்துகொண்டே வருகிறதா, பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, ராத்திரியாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போ. தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படித்தான் காட்டும். அறுவை சிகிச்சைக்குத் தாமதமானால் போனது திரும்பாமலே போகலாம். மாலதியின் மைத்துனர் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்தது உனக்குத் தெரியும், அதன் பிறகு நடந்ததும் தெரியும். காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் விடாமல் எழுப்புகிற ராத்திரி வலி, விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டது, இவற்றில் ஏதாவது இருந்தாலும் டாக்டரிடம் நீயே வாயைத் திறந்து சொல். அவர் கேட்கவில்லையே என்று இருந்துவிடாதே. எனக்குப் பதில் எழுதும்போது முதலில் இதற்கு ஒழுங்காகப் பதில் எழுது.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், அப்புறம் நீ எழுந்துதான் ஆகவேண்டும்.

எழுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மல்லாக்கப் படுத்த நிலையிலிருந்து நேராக நிமிராதே. ஒருக்களித்துக்கொள், கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடு, அந்தக் கனத்திலேயே கையை ஊன்றி உடம்பைத் தூக்கு. காலையில் இன்னும் கவனம் வேண்டும். ராத்திரி முழுக்க டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்புகின்றன, அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவும் விறைப்பாகவும் எழுகிறோம். அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிந்து செய்யும் வேலைகளைத் தள்ளிப்போடு. அப்படித் தள்ளிப்போட்டவர்களுக்கு வலி குறைந்ததாக 1998-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருக்கிறது. தரை துடைப்பது பத்து மணிக்கு நடந்தால் யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை.

தூக்குவது பற்றி எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 1999-இல் ஜெர்மனியில் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு மனிதருடைய டிஸ்க்குக்குள் அழுத்தமானியையே செருகி, அவரைப் படுக்க, நிற்க, தூக்கச் சொல்லி அளந்தார்கள். எந்த டிஸ்க் என்கிறாய்? உன்னுடைய அதே எல்4-எல்5! நிற்கும்போது இருந்த அழுத்தத்தை 5 என்று வைத்தால், படுத்திருக்கும்போது 1. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கியபோது 23. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 11தான். ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்றாலும், வாளியோ பேரனோ, உடம்போடு அணைத்துத் தூக்கினால் முதுகுக்கு எவ்வளவு மிச்சம் என்பது தெரிகிறதில்லையா? கையை நீட்டித் தூக்காதே, தூக்கியபடி இடுப்பைத் திருகாதே, திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்பு. பேரனை நீ தூக்கலாம். கட்டில்மேல் ஏறி நிற்கச் சொல்லி அங்கிருந்து வாங்கிக்கொள்.

அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. நாற்காலியில் தொய்ந்து சாய்ந்து உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாக இருந்ததாம். இது தெரிந்திருந்தால் கோமதி டீச்சர் ஸ்கேலால் நம் முதுகில் குத்திய குத்தையெல்லாம் திருப்பிக் கேட்டிருக்கலாம். உட்காரும் விதத்தைவிட, ஒரே விதத்தில் மணிக்கணக்காக இருப்பதுதான் தொல்லை. நிமிர்ந்தும் இரு, சாய்ந்தும் இரு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடி. போன் வந்தால் நடந்துகொண்டே பேசு. நீ பேசும் நேரத்துக்கு அதுவே போதும்.

அப்புறம் நடை. என் முதுகுக்கு நான் உருப்படியாகச் செய்வது இது ஒன்றுதான். 2024-இல் ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரில் ஒரு பாதியினரைப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு நடக்க வைத்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் வரை. நடக்காத குழுவில் வலி திரும்பி வர இடைநிலைக் கணக்கில், அதாவது வரிசையில் நடுவில் நிற்கிறவருக்கு, 112 நாள் ஆனது, நடந்தவர்களுக்கு 208 நாள். வலி வரவே வராது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, கவனித்தாயா? எனக்கும் இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுநாளும் நடந்தேன், பாதித் தூரம்தான்.

பயிற்சியும் உண்டு. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றுவது. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. நான் செய்யும்போது அவர் ஸ்டூல் மேலிருந்து பல்பு மாற்றிக்கொண்டே விமர்சனம் செய்வார். உனக்கு எது பொருந்தும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பதை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள், என்னைப் பார்த்துச் செய்யாதே. மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் பேசு, நான் வாயைத் திறக்கவில்லை.

வசந்தி, ஒன்று சொன்னால் அழமாட்டாயே? மாலதி சொன்னதில் என்னைத் தூங்கவிடாதது வலி இல்லை. பேரன் "பாட்டி தூக்கு" என்று வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய் என்றாள். நீயா அது? மரத்திலிருந்து குதித்துவிட்டு அடுத்ததில் ஏறினவள். அசைந்தால் உடைந்துவிடும் என்ற பயத்தில் தசை இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, கூடினால் பயம் இன்னும் கூடுகிறது. இன்று வாசல் வரை நட, வலித்தால் நின்றுகொள். நாளைக்கும் வாசல்வரைதான் முடிந்தது என்றாலும் பரவாயில்லை.

அடுத்த மாதக் கடைசியில் அங்கே வருகிறேன். பெரிய பெட்டி ஒன்றைத் தூக்காமல் சின்னப் பைகள் இரண்டு, கைக்கு ஒன்றாக. ஒன்றை நீ வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அதனால் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வா. மாலதியை அனுப்பிவைத்தால் அப்படியே திரும்பிப் போய்விடுவேன்.

உன்,
கல்யாணி