சின்னவளின் கதையைச் சொல்லி முடித்த தம்பிக்கு

அம்மா நேற்று மதியம் தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று குறையும் சொன்னாள். அந்தக் குறையைக் கேட்ட சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள், மீதிப் பேர் நேரம் காலம் பார்க்காமல் போனை எடுத்தீர்கள். அதனால் மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், அம்மா எவ்வளவு திட்டினாலும் முகம் சுளிக்காத பிசியோதெரபிஸ்ட்டுக்கும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கிய சித்திக்கும், என் வேலையையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் தோழிகளுக்கும் மனசு நிறைந்த நன்றி. நேரில் வந்தும் சொல்வேன். இந்த மடலில் மட்டும் பெரும்பகுதியை ஒருவருக்கே கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேச்சும் குழறி அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவளுடைய பகலை நடத்தியது ஒரு மதிய சீரியல். அதன் பேர் வேண்டாம், சேனல் பேரும் வேண்டாம். சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. சீரியல் தொடங்குவதற்கு முன்னால் அவளுக்கு முகம் துடைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். டைட்டில் பாட்டு ஓடும்போது முதல் வாய். முதல் விளம்பர இடைவேளையில் மாத்திரை. வில்லி மாமியாரைத் திட்டுவதுதான் பேச்சுப் பயிற்சி. 'பாவி'தான் முதலில் தெளிவாக வந்த வார்த்தை என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டே சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அதை முடித்துவிட்டார்கள். ஒரே எபிசோடில் மாமியார் திருந்தினாள், காணாமல் போன பிள்ளை வாசலில் வந்து நின்றான், எல்லோரும் பட்டுப் புடவையும் வேட்டியுமாக வரிசையில் நின்று கும்பிட்டார்கள். அந்த வரிசையில் சின்ன மருமகள் இல்லை. ஏழு மாதக் கர்ப்பிணி, புருஷன் செய்யாத குற்றத்துக்காக ஜெயிலில் இருக்கிறான், வீட்டை விட்டுப் போய்த் தோழி வீட்டில் தங்கியிருந்தவள். அவளைப் பற்றி ஒரு வசனம் கூட இல்லை. "சின்னவ எங்க?" என்று அம்மா அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை அதே நேரத்துக்கு வேறு சீரியல் வந்தது. டிவியை அணைக்கச் சொன்னாள், தட்டைத் தள்ளினாள். அதிலிருந்து சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சேனலின் இணையப் பக்கத்தில் போய்க் கோபத்தில் நாலு வரி எழுதினேன். பதில் வரும் என்று எழுதியதில்லை. ராத்திரி முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மெசேஜ்: "அக்கா, நான் அந்த சீரியல்ல உதவி இயக்குநரா இருந்தேன். சின்னவளுக்கு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

ஏதோ மோசடிதான் என்று தோன்றியது. அடுத்து ஓடிபி கேட்பான் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, "அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?"

மறுநாள் அந்த நேரத்துக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா பக்கத்தில் வைத்தேன்.

சீரியல் எடுக்கிற விதம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பல செட்டுகளில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. அன்றன்றைக்கு வரும் சீன் பேப்பரை வைத்துக்கொண்டு உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வரி வரியாகச் சொல்ல, அதைக் கேட்டு அவர்கள் நடிப்பார்கள். டப்பிங் அப்புறம் நடக்கும். பிராம்ப்டிங் என்று பெயர். இந்தத் தம்பியின் வேலை அதுதான். மாமியாரின் சாபம், மருமகளின் புலம்பல், வக்கீலின் கத்தல் எல்லாமே முதலில் அவர் வாயிலிருந்துதான் வந்திருக்கின்றன. ஆனால் பிராம்ப்ட் செய்பவர் உணர்ச்சி காட்டக் கூடாதாம், நடிகர்களுக்குக் குழம்பிவிடுமாம். அதே பழக்கத்தில் அம்மாவுக்கும் சொன்னார். "ஜெயில். பகல். சின்னவ வர்றா. என்னங்க, நம்ம குழந்தை உதைக்குது. அழுகை."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குழறலோடுதான் சொன்னாள், ஆனால் சொல்லிவிட்டாள். "அழுகைன்னு சொல்லாத தம்பி. அழு."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அழுதார். அவ்வளவு மோசமான அழுகையை எந்த சீரியலிலும் நான் பார்த்ததில்லை. அம்மா சிரித்தாள். திறந்த வாயில் ஒரு கவளத்தை ஊட்டினேன்.

அதிலிருந்து தினமும் மதியம் போன் வந்தது. மாத்திரை விஷயத்தை ஒரே ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் கதை நடுவில் நிறுத்தி, "விளம்பரம்மா, மாத்திரை போட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். நானோ சித்தியோ கெஞ்சியும் விழுங்காத மாத்திரை அன்றைக்கு உள்ளே போனது.

கதை டிஸ்கஷனில் பேசி வைத்திருந்த ஒன்லைன், அதாவது கதைச் சுருக்கம், இன்னும் பல வாரங்களுக்கு அவர் கையில் இருந்தது. அதில் ஆஸ்பத்திரியில் குழந்தையை மாற்றி வைக்கிற ஒரு கிளைக்கதை. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவ பட்டது போதும்." "சரிம்மா, மாத்திடலாம். இப்ப நம்மள யாரு கேக்கப் போறா" என்றார். பெண் குழந்தை பிறந்தது. புருஷன் ஜாமீனில் வந்தால் போதாது, கேஸே தள்ளுபடி ஆக வேண்டும் என்றாள் அம்மா. அதற்கும் வழி செய்தார். போன வாரம் கதை முடிந்தது.

சின்னவள் ஏன் கடைசி எபிசோடில் இல்லை என்று அவரிடம் கேட்டேன். நிறுத்தப் போவதாகத் தகவல் வந்து ரெண்டே நாளில் எடுத்து முடித்த எபிசோடாம். அந்த நடிகைக்கு அன்று வேறு சீரியலில் கால்ஷீட். வரக்கூடியவர்களை வைத்து முடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வருகிற நாள், யூனிட்டில் யாருக்கும் டீ இறங்காது என்றார். நின்றுபோனால் லைட்மேன், மேக்கப் உதவியாளர், காஸ்ட்யூமர், சாப்பாடு பரிமாறுகிற புரொடக்‌ஷன் ஆட்கள் எல்லோருக்கும் அன்றோடு சம்பளமும் பேட்டாவும் போச்சு. ஷூட்டிங் நடந்தால்தான் காசு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஷூட்டிங் நின்றது. மே மாதம் 20 பேரை வைத்து எடுக்கலாம் என்று அரசு அனுமதித்து, அது போதாது என்றதும் 60 ஆக்கியது. அந்தக் கணக்கில் விடுபட்டவர்களில் இவரும் ஒருவர். இப்போது மறுபடியும். சாலிகிராமத்தில் நண்பர்களோடு பகிர்ந்துகொண்ட அறையில், வேலையில்லாமல் உட்கார்ந்துகொண்டுதான் எங்கள் வீட்டுக்குத் தினமும் கதை சொல்லியிருக்கிறார்.

பாயசத்தில் விஷம் கலக்கிற கதைகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அம்மாவே அவற்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் 2014இல் தொடங்கிய 'சந்திரலேகா' சீரியல் மதிய நேரத்தில் 2022 வரை 2000 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. அவ்வளவு காலம் தினமும் வீட்டுக்குள் வந்து போகிறவர்களை, வெளியே போக முடியாத ஒருத்தி வேறு எப்படி நினைப்பாள்? அமெரிக்காவில் 'கைடிங் லைட்' என்ற சீரியல் 1937இல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952இல் டிவிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் நின்றது. மறு வருஷம் 54 வயதான 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' போனது. 2011இல் இன்னும் இரண்டு பழைய பகல் சீரியல்களை ஏபிசி சேனல் நிறுத்தப் போவதாகச் சொன்னபோது, ஹூவர் என்கிற வாக்குவம் கிளீனர் கம்பெனி அந்தச் சேனலிலிருந்து தன் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அப்படியும் அவை நின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 'கைடிங் லைட்' முடியப் போகிறது என்று ஏப்ரல் மாதமே சொல்லிவிட்டார்கள். கதையைச் சேர்த்துக் கட்டவும், பார்க்கிறவர்கள் மனசைத் தயார் செய்துகொள்ளவும், வேலை செய்கிறவர்கள் வேறு இடம் தேடவும் ஐந்து மாதம் இருந்தது. இங்கே ரெண்டு நாள்.

இனி எந்த சேனல் எந்த சீரியலை நிறுத்தினாலும் ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நிறுத்துங்கள், அது உங்கள் கணக்கு. ரெண்டு வாரம் முன்னால் சொல்லுங்கள், சின்னவளையும் கூப்பிட்டு முடியுங்கள்.

கதை முடிந்த பிறகும் மதியம் போன் பேச்சு நிற்கவில்லை. இப்போது அம்மாதான் கூப்பிடச் சொல்கிறாள். "வேலை கெடச்சுதா?" என்று கேட்கிறாள், இல்லை என்றால் என்னைப் பார்க்கிறாள்.

தம்பி, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. வேலை கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்றீர்கள். நீங்கள் கேட்க வேண்டாம், நான் கேட்கிறேன். சீரியலோ, வெப் சீரிஸோ, டப்பிங் ஸ்டுடியோவோ வைத்திருப்பவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். தெளிவாகப் படிப்பார், சொன்ன நேரத்துக்கு வருவார். ஜெயில் காட்சியில் சின்னவள் எந்தக் கையில் எத்தனை வளையல் போட்டிருந்தாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். அழ மட்டும் சொல்லாதீர்கள்.