ஏற்காடு பஸ்ஸில் உதவிய அண்ணனுக்கு நன்றி

சேலத்தில் டயாலிசிஸ் முடிந்து ஏற்காடு திரும்பிய பெரியவருக்கு, கொண்டை ஊசி வளைவில் ஃபிஸ்டுலாவின் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ரத்தக்குழாய்) ஊசித்துளை திறந்து ரத்தம் பீறிட்டபோது கைகொடுத்த அண்ணனுக்கு, டயாலிசிஸ் பிரிவு ஊழியர்களின் நன்றி.

பஸ்ஸில் இருந்தவர்கள் துண்டைச் சுற்றி இறுக்கச் சொன்னார்களாம். நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை! துணி ரத்தத்தை உறிஞ்சி மறைக்கும், துளையை அடைக்காது. இறுகினால் ஃபிஸ்டுலாவே உறைந்து போகலாம். கண்டக்டரை 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, பெரியவரின் கையை உயர்த்தி, இரண்டு விரல் நுனியால் துளைமேலேயே 15 நிமிடம் விடாமல் அழுத்தினீர்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் விரலை எடுத்துப் பார்த்திருந்தால் உறைந்தது கலைந்திருக்கும். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் வேகம் சில மணி நேரம் இருக்குமே.

ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் அதிர்வு இப்போதும் நன்றாகத் தெரிகிறது. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் மெலிந்திருந்தது; இனி அங்கே ஊசி கிடையாது.